நர்ஸ்கள் ஏன் முதலில் துண்டுச் சீட்டில் எழுதுகிறார்கள்? வார்டு படிவங்களைச் சரிசெய்வது பற்றி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் 60 படுக்கைகள் உள்ள மருத்துவமனை. காகிதக் கேஸ் ஷீட்டை நிறுத்திவிட்டு, ஒரு வருடமாக டேப்லெட் கணினியில் (டேப்) படிவங்களை நிரப்பச் சொல்கிறார்கள். மென்பொருள் வேலை செய்கிறது, யாரும் எதிர்க்கவும் இல்லை. ஆனால் நர்ஸ்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்கள், டியூட்டி முடிகிற நேரத்தில் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுகிறார்கள். டாக்டர்கள் பாதிக் கட்டங்களில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் கேட்பது: "மறுபடி பயிற்சி கொடுக்கலாமா, இல்லை படிவத்தை மாற்ற வேண்டுமா? மாற்றுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?"

படிவத்தைத்தான் மாற்ற வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ஒன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அப்புறம் மருத்துவமனை மென்பொருள் பக்கம் வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. படிவத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு எண் வேறெங்காவது எழுதப்பட்டால், சீட்டிலோ உள்ளங்கையிலோ கையுறைப் பெட்டியின் அட்டையிலோ, அந்த இடத்தில் படிவத்தில் ஏதோ குறை இருக்கிறது. என்ன குறை என்பதையும் அந்தச் சீட்டே சொல்லிவிடும். பயிற்சி கொடுத்தால் சீட்டு கண்ணில் படாமல் பாக்கெட்டுக்குள் போகும், அவ்வளவுதான்.

காலை ஆறு மணி வைட்டல்ஸ் சுற்றில், அதாவது காய்ச்சல், நாடி, பிபி போன்ற அளவுகளை எடுக்கும் சுற்றில், ஒரு சிஸ்டர் எழுதிய அட்டை எப்படி இருக்கும் என்று பாருங்கள். "4 — 98.4, 82, 20, 130/80, 97. 5 — 101, டாக்டர்ட்ட சொல்லணும். 7 — ட்ரிப்ஸ் 10 மணி." மூன்றே வரி. முதலில் வருவது படுக்கை எண். பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. அடுத்து டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு எண்ணிக்கை, பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு). இந்த வரிசை சும்மா வந்ததில்லை. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துவிட்டு, அது பீப் அடிப்பதற்குள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவோம். கையை விடாமலேயே மார்பைப் பார்த்து மூச்சை எண்ணுவோம், ஏனென்றால் மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சு விடும் விதமே மாறிவிடும். அப்புறம் பிபி பட்டை, கடைசியில் விரலில் கிளிப். கையின் வரிசை அதுதான்.

இப்போது உங்கள் டேப்பைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த பல மென்பொருள்களில் முதல் கட்டம் உயரம், அடுத்தது எடை, அதற்கப்புறம் பிபி மேல் எண், பிபி கீழ் எண், கடைசியில் டெம்பரேச்சர். யாரோ ஒருவர் தரவுத்தளத்தில் நெடுவரிசைகளை உருவாக்கிய வரிசை அப்படியே திரைக்கு வந்திருக்கிறது. உள்நோயாளியின் உயரத்தைத் தினமும் காலையில் யார் அளக்கிறார்கள்? ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் கீழே போக முடியாது. கை ஒரு வரிசையில் போகிறது, திரை வேறு வரிசையில் கேட்கிறது. நடுவில் ஐந்து எண்களைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் அட்டை.

இன்னொரு விஷயம், இதைவிடப் பெரியது. உங்கள் படிவம் ஒரு நோயாளியைத் திறந்து, எல்லாவற்றையும் நிரப்பி, சேமித்து, மூடி, அடுத்தவரைத் தேடித் திறக்கச் சொல்கிறது. வார்டில் சுற்று அப்படி நடப்பதில்லை. பல நேரம் ஒருவர் தெர்மாமீட்டரோடு வரிசையாகப் போகிறார், இன்னொருவர் பிபி மெஷினை உருட்டிக்கொண்டு பின்னால் வருகிறார். பழைய டிபிஆர் நோட்டை (டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு எழுதும் நோட்டு) பார்த்தவர்களுக்கு இது தெரியும்: இடப்பக்கம் படுக்கை எண்கள் மேலிருந்து கீழ், மேலே தலைப்பில் அளவுகள். ஒரே பக்கத்தில் வார்டு முழுவதும் தெரியும். யாருக்கு இன்னும் எடுக்கவில்லை என்பது வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டபோது அந்தப் பார்வையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம். நான் ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்று சொன்னால், வைட்டல்ஸுக்கு அந்த நோட்டின் வடிவத்தைத் திரையில் திருப்பிக் கொண்டுவருவேன். ஒரு வார்டு, ஒரு திரை, படுக்கைக்கு ஒரு வரி. கட்டத்தைத் தொட்டால் எண் பலகை வரட்டும்.

எண் பலகை என்று சொன்னது கவனமாகத்தான். எண் கேட்கும் இடத்தில் எழுத்து விசைப்பலகை எழும்பி வந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு வீண். சுழற்றித் தேர்ந்தெடுக்கும் சக்கரம் அதைவிட மோசம். 1948-ல் பிறந்தவரின் வருடத்துக்கு வருவதற்குள் விரல் ஓய்ந்துவிடும். கவுண்டரில் இருக்கும் கணினியிலும் ஒரு பொறி உண்டு. உலாவியில் எண்ணுக்கென்றே உள்ள கட்டத்தில் கர்சர் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால், பக்கம் நகர்வதற்குப் பதிலாக எண் மாறிவிடலாம். 120 என்று போட்டது 117 ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. பிரிட்டன் அரசின் இணைய வடிவமைப்புக் குழு இதுபோன்ற காரணங்களுக்காகவே 2020-ல் அந்தக் கட்ட வகையைக் கைவிட்டு, சாதாரண எழுத்துக் கட்டத்தை வைத்து, போனில் மட்டும் எண் பலகை வரும்படி செய்தது. உங்கள் டெவலப்பரிடம் இதைச் சொன்னால் அரை நாள் வேலை.

பிபியை இரண்டு கட்டமாகப் பிரிக்காதீர்கள். "நூற்றிமுப்பது எண்பது" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், 130/80 என்று ஒரே இழுப்பில் எழுதுகிறோம். சாய்கோடு உள்ள எண் பலகையோடு ஒரே கட்டம் கொடுங்கள், பிரித்து வைத்துக்கொள்வது கணினியின் வேலை. பொத்தான்களின் அளவையும் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்கான வடிவமைப்பு விதிகளில் தொடும் இடம் குறைந்தது 48 அலகு இருக்க வேண்டும் என்கிறார்கள், அது திரையில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அது சும்மா உட்கார்ந்து போன் பார்ப்பவருக்கான அளவு. சானிடைசர் காயாத விரலோடு, ஒரு கையில் டேப்பையும் இடுப்பில் ட்ரேயையும் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இன்னும் பெரிதாக வேண்டும். நைட் டியூட்டியில் விளக்கை அணைத்த வார்டில் வெள்ளைத் திரை நோயாளியை எழுப்பிவிடும். இரவு நேரத்துக்குக் கறுப்புப் பின்னணி ஒன்று வையுங்கள். அலங்காரத்துக்கு வைத்த வெளிர்சாம்பல் எழுத்தையெல்லாம் எடுத்துவிடுங்கள், மூத்த சிஸ்டர்கள் கண்ணாடி இல்லாமலும் படிக்க வேண்டும்.

சரி, டாக்டர்கள் வைத்துவிட்டுப் போகும் அந்தப் புள்ளிக்கு வருவோம்.

நட்சத்திரம் போட்ட கட்டாயக் கட்டங்கள் தரவைக் காப்பாற்றும் என்று நிர்வாகம் நம்புகிறது. உண்மையில் என்ன நடக்கிறது? தெரியாததையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று படிவம் வற்புறுத்தினால் மனிதர்கள் பொய்யான ஒன்றைப் போடுவார்கள். புள்ளி, 0, 999, "என்ஏ". புள்ளியையாவது பிறகு கண்டுபிடிக்கலாம். நம்பும்படியான பொய்யைக் கண்டுபிடிக்கவே முடியாது. வயதான அம்மா ஒருவருக்குப் பிறந்த தேதி தெரியாது. படிவம் தேதி இல்லாமல் நகராது. உடனே ஜனவரி 1 என்று போட்டு, வருடத்தை உத்தேசமாக நிரப்பிவிடுகிறோம். அந்தத் தேதி அப்புறம் உண்மைத் தேதியாகவே எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சாகும். "தேதி தெரியுமா, வயது மட்டும் தெரியுமா" என்று கேட்டு, எது சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் பதிவதுதான் நேர்மையான படிவம்.

பெயரும் அப்படித்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே பலருக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். கடைசிப் பெயர் கட்டத்தில் ஒரு சிஸ்டர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை, மூன்றாமவர் கணவர் பெயரை, நான்காமவர் புள்ளியை. அதே பெண்மணி மூன்று மாதம் கழித்து வந்தால் புது ஆளாகப் பதிவாகிறார், பழைய அலர்ஜி விவரம் பழைய பதிவிலேயே கிடக்கிறது. பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியலுக்குச் சின்னதாக ஒன்று, அப்பா அல்லது கணவர் பெயருக்குத் தனியாக ஒன்று. இவ்வளவு போதும்.

அலர்ஜி என்று சொன்னேன் அல்லவா, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். "மருந்து அலர்ஜி: ஆம் / இல்லை" என்று மட்டும் கேட்கும் படிவம் ஆபத்தானது. "இல்லை" என்பதற்கு வார்டில் மூன்று பொருள் இருக்கிறது. கேட்டோம், இல்லை என்றார்கள். கேட்டோம், அவர்களுக்கே தெரியவில்லை. கேட்கவே இல்லை, நோயாளி மயக்கத்தில் வந்தார். மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி போடும் சிஸ்டருக்கு அது வெறும் "இல்லை"தான். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் "இல்லை" என்பது முன்கூட்டியே தேர்வாகி இருந்தது. யாரும் தொடாவிட்டால் அப்படியே சேமிக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்த மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, போடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவருடைய மனைவி ஓடிவந்து சொன்னதால் நிறுத்தினோம். திரையில் "அலர்ஜி இல்லை" என்று பச்சையாக இருந்தது. அன்றிலிருந்து, நோயாளியைப் பற்றிய எந்த விடையையும் படிவம் தானாக நிரப்பக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. "நார்மல்" என்று முன்பே டிக் செய்து வைத்த பரிசோதனைப் பட்டியல், "முந்தைய வைட்டல்ஸை நகலெடு" பொத்தான், இரண்டையும் எடுத்துவிடுங்கள். நேரம் மிச்சமாகிறது என்று சொல்வார்கள். மிச்சமாகும்தான், ஆனால் அங்கே இருப்பது யாரும் பார்க்காத நோயாளியின் பதிவு.

துண்டுச் சீட்டுக்கு வேறு சில நல்ல குணங்களும் உண்டு. பாதி எழுதிவிட்டுப் போகலாம். மூன்றாவது படுக்கையில் பிபி எடுக்கும்போது எட்டாவது படுக்கைக்காரர் வாந்தி எடுத்தால் ஓட வேண்டும். திரும்பி வரும்போது சீட்டு அப்படியே இருக்கும், டேப் லாக்-அவுட் ஆகியிருக்கும். நிரப்பியது போய்விட்டிருக்கும். இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாவது தடவை யாரும் டேப்பில் முதலில் எழுத மாட்டார்கள், நானும் மாட்டேன். ஒவ்வொரு கட்டமும் விரலை எடுத்த நொடியே சேமிக்கப்பட வேண்டும். பாதி நிரம்பிய படிவத்துக்கு வரைவு என்று ஓர் இடம் வேண்டும். திரை பூட்டிக்கொள்வது தேவைதான், நோயாளியின் விவரம் வழிப்போக்கர் கண்ணில் படக் கூடாது. ஆனால் பூட்டு திறந்ததும் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். அதைத் திறக்க நீளமான பாஸ்வேர்டு கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் ஒருவர் திறப்பார், நாள் முழுக்க எல்லோரும் அவர் பெயரிலேயே எழுதுவார்கள். யார் மருந்து கொடுத்தது என்பதற்குப் பதிவே இருக்காது. நான்கு இலக்கப் பின் எண்ணோ, அடையாள அட்டையைத் தொட்டால் ஆள் மாறும் வசதியோ கொடுங்கள்.

நெட் இல்லாவிட்டாலும் சீட்டு எழுதும். உங்கள் பழைய கட்டடத்தில் எக்ஸ்ரே அறைப் பக்கம் சிக்னல் விழாது என்று எழுதியிருந்தீர்கள். படிவம் டேப்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் தானே அனுப்ப வேண்டும். அதோடு, எது இன்னும் அனுப்பப்படவில்லை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் பதில் ஆகாது. "3 பதிவுகள் இந்த டேப்பில் காத்திருக்கின்றன" என்று எழுதிக் காட்டினால் சிஸ்டர் நம்பிக்கையோடு டேப்பை அடுத்தவரிடம் கொடுப்பார்.

ஆனால் சீட்டில் எழுதி மதியம் ஏற்றுவதால் வரும் உண்மையான கெடுதல் நேரத்தில்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு 101 டிகிரி காய்ச்சல். அது 1:40-க்கு ஏறுகிறது. கணினி 1:40 என்று முத்திரை குத்துகிறது. பாராசிட்டமால் ஏழு மணிக்குக் கொடுத்தது அதற்கு முன்னால் தெரிகிறது. மாலை ரவுண்ட்ஸில் டாக்டர் காய்ச்சல் வரைபடத்தைப் பார்த்தால், மருந்து கொடுத்தும் காய்ச்சல் ஏறியதாகத் தெரியும், ஆன்டிபயாடிக்கை மாற்றச் சொல்வார். அளவை எடுத்த நேரமும் ஏற்றிய நேரமும் வேறு வேறு என்று படிவத்துக்குத் தெரிய வேண்டும். "இப்போது", "30 நிமிடம் முன்", "6 மணி சுற்று" என்று தொட்டாலே போதும்படி வையுங்கள். தாமதமாக ஏற்றியதற்கு யாரையும் திட்டாதீர்கள், திட்டினால் நேரத்தையும் கற்பனையாகப் போடுவார்கள்.

எச்சரிக்கைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். துண்டுச் சீட்டால் செய்ய முடியாத வேலை இதுதான், டிஜிட்டல் படிவம் தன் இடத்தைச் சம்பாதிக்க வேண்டியதும் இங்கேதான். 2013-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில் நடந்த ஒரு தவறை அந்த மருத்துவமனையே மறைக்காமல் வெளியில் பேச அனுமதித்தது. 16 வயதுப் பையன். அவன் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஒன்று, நம் ஊரில் செப்ட்ரான் என்று தெரிந்த மருந்து, 160 மில்லிகிராம், வேளைக்கு ஒன்று. எடை 40 கிலோவுக்குக் கீழ் இருந்தால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. பையன் 38.6 கிலோ. டாக்டர் கிலோவுக்கு 5 என்று எழுதினார், கணக்கு 193 வந்தது. மாத்திரை 160-ல்தான் இருக்கிறது, அப்படியே எழுதிவிடுங்கள் என்று மருந்தாளுநர் செய்தி அனுப்பினார். டாக்டர் படிவத்தைத் திறந்து 160 என்று போட்டார். பக்கத்தில் இருந்த அலகுக் கட்டம் இன்னும் "மில்லிகிராம் / கிலோ" என்றே நின்றிருந்தது. 160-ஐ 38.6-ஆல் பெருக்கிக் கணினி 6,000 மில்லிகிராமுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியது. மொத்தம் முப்பத்தெட்டரை மாத்திரை.

எச்சரிக்கை வரவில்லையா என்றால், வந்தது. டாக்டருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. ஆனால் தினமும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் வருகிற அதே பெட்டி, அதே நிறம். இருவரும் தட்டிவிட்டுப் போனார்கள். ரோபோ மாத்திரைகளைக் கட்டி அனுப்பியது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பார்கோடை வருடிப் பார்த்தால், இதுதான் சரியான அளவு என்று கணினி சொன்னது. பையனுக்கு வலிப்பு வந்தது, பிழைத்துக்கொண்டான். இதில் யாரும் கவனக்குறைவான ஆள் கிடையாது. அலகு ஒரு சின்னக் கட்டத்தில் ஒளிந்திருந்தது, எச்சரிக்கைகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. இதை உங்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்லுங்கள், முக்கியமாக டெவலப்பர்களுக்கு.

அதனால் நான் செய்வது இப்படி. அலகை மாற்றக்கூடிய கட்டமாக வைக்க மாட்டேன், எண்ணோடு ஒட்டியே பெரிதாக எழுதிவிடுவேன். மருந்துப் படிவத்தில் டாக்டர் போட்ட எண்ணுக்குக் கீழே, "ஒரு வேளைக்கு 1 மாத்திரை" என்று கையில் எடுக்கும் பொருளாகச் சொல்லிக் காட்டுவேன். முப்பத்தெட்டரை மாத்திரை என்று வாக்கியமாக, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கண் முன் வந்தால் யாருக்கும் உறுத்தும். டெம்பரேச்சரில் 984 என்று அடித்தால் "98.4 தானே?" என்று கேட்டுவிட்டுத் திருத்தட்டும். ஃபாரன்ஹீட் கட்டத்தில் 38.5 என்று வந்தால் செல்சியஸா என்று கேட்கட்டும். பிபி 210/120 நடக்கக்கூடிய எண். அதைத் தடுக்கக் கூடாது, மறுபடி எடுத்தீர்களா என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நடக்கவே முடியாத எண்ணை மட்டும்தான் படிவம் மறுக்கலாம். திரையை மறைக்கும் சிவப்புப் பெட்டியை உயிர் போகும் விஷயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தால் போதும். ஒவ்வொரு எச்சரிக்கையையும் எத்தனை பேர் படிக்காமல் தட்டிவிடுகிறார்கள் என்று மாதம் ஒரு தடவை எண்ணுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தட்டிவிடும் எச்சரிக்கையை நிறுத்துவது பாதுகாப்பைக் கூட்டும்.

கணக்குப் போடும் வேலையையும் மனிதரிடம் கேட்காதீர்கள். கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொன்னால் பிரசவத் தேதி 280 நாள் தள்ளி வரும், அதைப் படிவமே எழுதட்டும். நோயாளி மோசமாகிறாரா என்று பார்க்கப் பிரிட்டனில் 2017 முதல் பயன்படும் நியூஸ் 2 மதிப்பெண்ணுக்கு மூச்சு, சாச்சுரேஷன், ஆக்சிஜன் கொடுக்கிறோமா, மேல் பிபி, பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் என்று ஏழு விஷயம் போதும். அதில் ஐந்து எண்கள் ஏற்கெனவே உங்கள் அட்டையில் இருக்கின்றன. கூட்டிக் காட்டுவதற்கு ஒரு நர்ஸின் நேரம் எதற்கு? பிரசவ வார்டில் 12 இலக்க பிக்மி எண்ணை (கர்ப்பிணிகளுக்கு அரசு பதிவில் கொடுக்கும் எண்) மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்க வைக்கிறீர்கள் என்றால், அட்மிஷனில் ஒரு தடவை வாங்கி, நான்கு நான்காகப் பிரித்துக் காட்டி, மற்ற இடங்களுக்கு அதுவே போய்ச் சேரட்டும். பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் தேவைப்படுகிறது. ஓர் இலக்கம் தவறினால் அலைவது குழந்தையின் அப்பா.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் தமிழாக்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன், ஆங்கிலத்திலேயே வையுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வார்டில் எந்தச் சொல் புழங்குகிறதோ அதை வையுங்கள். பிபி, பல்ஸ், ட்ரிப்ஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். "உணவு உட்கொள்ளல் நிலை" என்று ஒரு கட்டத்தைப் பார்த்தேன். "சாப்பிட்டாரா?" என்று கேட்டால் என்ன? நோயாளி கையெழுத்துப் போடும் சம்மதப் படிவம் மட்டும் கண்டிப்பாக அவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்க வேண்டும். நோய்ப் பெயர்த் தேடலில் டாக்டர்கள் எழுதும் சுருக்கங்கள் வேலை செய்ய வேண்டும். டிஎம் என்று அடித்தால் நீரிழிவு வரட்டும். ஐந்தாறு விடைக்கு உட்பட்ட கேள்விக்குக் கீழே விழும் பட்டியல் வேண்டாம், எல்லாமே பொத்தானாகக் கண் முன் இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கூட்டுவதைவிடக் கழிப்பதில் பலன் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹவாயில் உள்ள ஹவாய் பசிபிக் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமம் 2017 அக்டோபரில் தன் ஊழியர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: கணினிப் பதிவில் அசட்டுத்தனமாக, தேவையே இல்லாமல் இருப்பது என்ன, சொல்லுங்கள். வந்த பதில்களில் ஒன்று, வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் ஒரு நர்ஸிடமிருந்து: என் நோயாளிகளுக்குத் தொப்புள் கொடி பற்றிய வரி ஏன் வருகிறது? பச்சைக் குழந்தைக்கென்று வைத்தது எல்லோருக்கும் வந்திருந்தது. இன்னொன்று, ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியைப் பார்த்தேன் என்று நர்ஸ்கள் கிளிக் செய்ய வேண்டும் என்ற விதி. அந்தக் கிளிக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது, நான்கு மருத்துவமனைகளில் மாதத்துக்குச் சுமார் 1,700 நர்ஸ் மணி நேரம் அதற்கே போயிருந்தது தெரிந்தது. அதை எடுத்துவிட்டார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது நிற்கவில்லை, பார்த்தேன் என்று கிளிக் செய்வது மட்டும் நின்றது. உங்கள் 60 படுக்கையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள், பெயர் போடாமல் எழுதும் பெட்டி ஒன்றை வைத்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் "இந்த விடையைப் பார்த்து யார் என்ன முடிவு எடுக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆடிட்டுக்குக் கேட்பார்கள்" என்பது விடையானால், எந்த ஆடிட், எந்த விதி என்று காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பல நேரம் அப்படி ஒரு காகிதமே இருக்காது.

டாக்டர்கள் குறைபட்டுக்கொள்வது சோம்பலில் என்று நினைக்கும் நிர்வாகத்துக்குக் காட்ட இரண்டு தகவல் தருகிறேன். 2016-ல் அமெரிக்காவில் 57 டாக்டர்களின் பக்கத்தில் நின்று நேரத்தைக் குறித்த ஆய்வில், நோயாளியோடு செலவான ஒவ்வொரு மணிக்கும் கணினியிலும் மேஜை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி போனது தெரிந்தது. அந்த நாட்டு டாக்டர்கள் தங்கள் மின்பதிவு மென்பொருளின் பயன்பாட்டு எளிமைக்குக் கொடுத்த மதிப்பெண் 2019 இறுதியில் வெளியானது, 100-க்கு 45.9. சராசரியான ஒரு மென்பொருள் அதே அளவுகோலில் 68 வாங்கும். அந்த அளவுகோல் ஜான் புரூக் 1986-ல் உருவாக்கிய பத்து வாக்கியங்கள்தான். நீங்களும் தமிழில் எழுதி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் ஆட்களிடம் கொடுக்கலாம். அரைப் பக்கம், இரண்டு நிமிட வேலை.

ஆனால் அதைவிட நான் நம்பும் அளவுகோல் அந்த அட்டைதான். ஒரு வாரம் காலைச் சுற்றில் போய் நில்லுங்கள். கையில் நோட்டு வேண்டாம், எதுவும் கேட்க வேண்டாம். இரண்டு இரவு நைட் டியூட்டியிலும் நில்லுங்கள், மீட்டிங் அறையில் ஏசியில் உட்கார்ந்து காட்டும் டெமோவில் எதுவும் தெரியாது. டியூட்டி முடிந்ததும் குப்பையில் போடும் சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், பெயர் இருந்தால் அந்த இடத்தைக் கிழித்துவிடுங்கள். பத்துப் பதினைந்து சீட்டை மேஜையில் பரப்பி, எந்த வரிசை, எந்தச் சுருக்கம், எது இல்லை என்று பாருங்கள். முதலில் வைட்டல்ஸ் படிவம் ஒன்றை மட்டும் அந்தச் சீட்டைப் போல மாற்றி, ஒரு வார்டில் மட்டும் இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் மறுபடி சீட்டுகளை வாங்கிப் பாருங்கள்.

நாங்கள் ஒரு இடத்தில் இப்படிச் செய்தபோது, இரண்டு வாரம் கழித்தும் அட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கையில் எடுத்துப் படித்தால், எண்கள் ஒன்றுகூட இல்லை. "7 — மகள் ராத்திரி வருவா, சுகர் மாத்திரை அவகிட்ட சொல்லணும்." "11 — பயப்படறார், ஆபரேஷன் பத்தி டாக்டர் ஒரு தடவ பேசணும்." இவை எந்தக் கட்டத்திலும் அடங்காது. ஒவ்வொரு படுக்கை வரிக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுத வெறும் இடம் விட்டோம். குரலிலும் சொல்லலாம், டியூட்டி மாறும்போது அடுத்த சிஸ்டர் அதைப் படித்துவிட்டு "பார்த்தாச்சு" என்று தொட வேண்டும். அந்த வெற்று வரிதான் இன்றைக்கும் அந்த வார்டில் அதிகம் நிரப்பப்படுகிறது.